தையல் பிரிக்காத பாக்கெட்

"நான்தான், தம்பி. வயசு இருபத்து நாலு. கோர்ட்டு ரெண்டாவது மாடியில, தண்ணி மெஷின் பக்கத்துல நிக்கிறேன். ஒண்ணும் ஆகலை. யாரும் பயப்படாதீங்க."

போனை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு தினமும் அவன் இப்படித்தான் ஆரம்பிப்பான். அவன் பேசப் பேச போன் அதை எழுத்தாக்கும். குடும்பக் குழுவில் போய் விழும். முதல் நாள் எடுத்த எடுப்பில் "கூண்டுல ஏத்திட்டாங்க" என்று மட்டும் அனுப்பி, யாரை ஏற்றினார்கள் என்று சொல்லாமல் விட்டதில், கடல் தாண்டி இருக்கும் அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "யாரு பேசுறே, எங்க நிக்கிறே, அதை முதல்ல சொல்லு. அப்புறம் உன் கதையை அள," என்று உத்தரவு வந்தது. வயதை அவனாகச் சேர்த்துக்கொண்டான். சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்கள் எல்லாரையும் அதைத்தானே கேட்கிறார்கள்.

வீட்டில் அவனுக்குப் பெயரே தம்பிதான். அக்காவுக்குத் தம்பி, அதனால் அக்காவின் வீட்டுக்காரருக்கும் தம்பி, போகப் போக அம்மாவுக்கே தம்பி. இந்த நாட்டுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஹோட்டல் துணிகளைத் துவைக்கிற பெரிய சலவைக்கூடத்தில் வேலை. மெஷினுக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு கோட்டு, சட்டை, ஏப்ரன் பாக்கெட்டிலும் கை விட்டுத் துழாவ வேண்டியது அவன் பொறுப்பு. ஒரு பேனா தப்பிவிட்டால் ஒரு மெஷின் வெள்ளைத்துணியும் நீலமாகிவிடும். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. நாற்காலியில் தொங்குகிற சட்டையைக்கூட அவன் விடுவதில்லை.

"என் பையில கை விடாதேன்னு எத்தனை தடவைடா சொல்றது. உள்ள என்ன புதையலா இருக்கு," என்பாள் அக்கா.

"நான் எங்க விட்டேன்?"

"இப்ப உன் கையில இருக்கிறது என்ன?"

பார்த்தால் அவள் சாவி, அவள் சீப்பு, குழந்தையின் பால் பாட்டில் மூடி. எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. அந்த வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்க மூன்று பேர் இருந்தார்கள். இப்போது மச்சான் சிறையில் இருந்தார். முதலாளியைச் சுட்டுக் கொன்றதாக வழக்கு.

ஒரு வயதுக் குழந்தையைக் கோர்ட்டுக்குள் விடமாட்டார்கள். யாரிடமாவது விட்டுவிட்டு வரலாம் என்றால் அக்காவே மாட்டேன் என்றாள். "அங்க உக்காந்தா நான் எதாவது கத்திடுவேன். நீ போ. போய் ஒண்ணு விடாம சொல்லு." மச்சானின் செருப்பைப் பார்க்கும்போதெல்லாம் குழந்தை அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியது. அதனால் அவள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டாள்.

ஆகவே சலவைக்கூடத்தில் மாலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, பகலெல்லாம் தம்பி கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். பயந்துகொண்டுதான் போனான். ஆனால் போன பிறகு பயத்துக்குப் பக்கத்திலேயே வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. முதலாளியின் அறைக்குள் என்னதான் நடந்திருக்கும் என்கிற குறுகுறுப்பு. மச்சான் செய்யவில்லை என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அப்படியென்றால் அங்கே மேஜை மேல் இருந்த துப்பாக்கி எப்படி அப்படி இருந்தது?

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே ஒரு துப்பாக்கி சுடும் கிளப். மச்சான் அங்கே தச்சர். சுடுகிறவர்கள் குறி வைக்கிற பலகைகளைச் செய்வார், மாட்டுவார், சல்லடையாகிப் போனதைக் கழற்றுவார். கிளப் நன்றாக ஓடவில்லை. மூடப்போகிறேன், உனக்கு இனி வேலை இல்லை என்று முதலாளி ஒரு நாள் காலையில் அவரிடம் சொன்னார். மச்சான் சத்தம் போட்டார். எல்லாருக்கும் கேட்டது. பிறகு பின்கட்டு முற்றத்துக்குப் போய்ப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். முற்றத்திலிருந்து முதலாளியின் அறைக்கு ஒரு கதவு உண்டு.

மதியத்துக்கு முன்னால் முதலாளி அந்த அறையில் நாற்காலியில் செத்துக் கிடந்தார். நெற்றிப் பக்கம் குண்டு. வெடிச் சத்தம் கேட்டதா என்று கேட்டால் எல்லாரும் கேட்டது என்றார்கள், காலையிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருந்தது என்றார்கள். சுடுகிற கிளப்பில் ஒரு வெடிக்கு யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

"சரி, கைல வெடிமருந்துப் பொடி ஒட்டியிருக்குமே, சோதிச்சாங்களா?" என்று அம்மா கேட்டிருந்தாள். அவளும் அங்கே இதே யோசனையாகத்தான் இருந்தாள்.

சோதித்தார்கள். முதலாளி கையிலும் இருந்தது, மச்சான் கையிலும் இருந்தது, தேநீர் போடுகிறவர் கையிலும் இருந்தது. அந்தக் கிளப்பின் கதவுப் பிடியைத் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும். கைரேகையும் அப்படித்தான். முதலாளியின் துப்பாக்கியில் அவர் ரேகையும் ரேஞ்ச் மாஸ்டரின் ரேகையும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. ரேஞ்ச் மாஸ்டர் என்றால் சுடும் வரிசையில் நின்று யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்கிறவர். கிளப்பில் உள்ள எல்லாத் துப்பாக்கியையும் தினமும் காலையில் எடுத்துப் பார்ப்பது அவர்தான். அவர் ரேகை இல்லாவிட்டால்தான் அதிசயம். அந்த நேரத்தில் அவர் சுடும் வரிசையில் இருந்தார், உறுப்பினர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சுடும் நேரம் முடிந்து முதலாளியைத் தேநீருக்குக் கூப்பிடப் போனவர்தான் உடலை முதலில் பார்த்தார்.

ஆக, எல்லாச் சாட்சியமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், மிச்சம் நின்றது ஒரே ஒரு போட்டோ.

அரசு வக்கீல் அதைத் திரையில் பெரிதாகப் போட்டார். மேஜை. அதன் மேல் கைத்துப்பாக்கி, மேல்பகுதி பின்னால் இழுபட்டுத் திறந்தபடி, வாய் சுவரைப் பார்த்தபடி. பக்கத்தில் தோட்டா அடைக்கிற மேகசின், தனியாகக் கழற்றி, படுக்க வைக்காமல், குட்டிக் கோபுரம் மாதிரி நட்டக்குத்தலாக.

"அவரே சுட்டுக்கிட்டார்னு எதிர்த்தரப்பு சொல்லுது. ஆனா குண்டு பட்டதும் உடனே செத்துட்டார்னு டாக்டர் சொல்லிட்டார்," என்றார் அரசு வக்கீல், துப்பாக்கி நிபுணரிடம். "செத்தவர் மேகசினைக் கழட்டுவாரா?"

"மாட்டார்."

"தானா கழண்டு, தானா எழுந்து நிக்குமா?"

நிபுணர் சிரிக்காத ஆள். "இது நிக்க வைக்கப்பட்டிருக்கு," என்றார். "இன்னொரு விஷயமும் இருக்கு. இந்த மாதிரித் துப்பாக்கியில ஒரு தோட்டா வெடிச்சதும் அடுத்தது தானா மேல ஏறிடும். மேகசினைக் கழட்டி மேல்பகுதியை இழுத்தா, ஏறின தோட்டா வெளிய துள்ளும். அது துப்பாக்கிக்குள்ள இல்லை, மேஜையில இல்லை, தரையில இல்லை. தேடிப் பார்த்தோம். யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க."

அன்று தம்பி அனுப்பிய செய்தி நீளமாகப் போனது. "அக்கா, அந்தத் தோட்டாதான் விஷயம். அது எங்க போச்சுன்னு தெரிஞ்சா போதும். ஒருவேளை ஜன்னல் திறந்திருந்து வெளிய துள்ளியிருக்குமோ?"

அக்கா பதில் போட்டாள்: "அது தவளையா? நேத்து பூனை தட்டிவிட்டிருக்கும்னே. முந்தாநாள் காந்தம்னே. நாளைக்குப் பேய்னு சொல்லுவே."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது. "நாளைக்கும் போ."

எங்கள் தரப்பு வக்கீலம்மா என்று அவர்கள் சொல்லிக்கொண்டது, கோர்ட்டே அமர்த்திக் கொடுத்த ஓர் அம்மாளை. எப்போதும் மூக்கடைப்பு, எப்போதும் ஒரு பெரிய பச்சைக் கோட்டு. அவரும் இந்த மேகசின் மேல்தான் தலையை முட்டிக்கொண்டிருந்தார். "சூடு பட்ட காயம், கை வச்சிருந்த விதம், எல்லாம் தற்கொலைன்னுதான் சொல்லுது, தம்பி. நாம கூப்பிட்ட இன்னொரு நிபுணரும் அதைத்தான் சொல்றார். ஆனா கேட்கிறவங்க கண்ணுல அந்தக் கோபுரம்தான் நிக்குது," என்றார். அவரும் அதைக் கோபுரம் என்றே சொல்ல ஆரம்பித்திருந்தார்.

மறுநாள் ரேஞ்ச் மாஸ்டர் கூண்டில் ஏறினார்.

தடித்த கழுத்து, ஒட்ட வெட்டிய நரை முடி, கோர்ட்டுக்கென்று வாங்கின புத்தம்புது கோட்டு. தம்பியின் கண் முதலில் போன இடம் அதன் பக்கப் பாக்கெட்டுகள். கடையில் மடிப்புக் கலையாமல் இருக்கப் போடுகிற வெள்ளைத் தையலைக்கூட மனிதர் பிரிக்கவில்லை. பாக்கெட் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது போல.

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை என்பது பேசத் தொடங்கிய உடனே தெரிந்துபோயிற்று. இவர் சொல்வதை எல்லாரும் நம்புவார்களே என்று தம்பிக்குத் தோன்றியது. மச்சானைப் பற்றிக் கேட்டதற்கு, "நல்ல வேலைக்காரர். அன்னிக்குக் கோபமா இருந்தார். நானா இருந்தாலும் கோபப்பட்டிருப்பேன்," என்றார். முதலாளி தன்னோடு கூடவே வளர்ந்தவர் என்றார். சுட்டுக்கொள்கிற ஆளா என்று கேட்டதற்கு இல்லை என்றார்.

"உள்ள போனதும் என்ன செஞ்சீங்க?"

"கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். துடிப்பு இல்லை. போன் பண்ணினேன். வெளிய வந்து வாசலை மறிச்சு நின்னுட்டேன்."

"வேற எதையாவது தொட்டீங்களா?"

"எதையும் தொடலை. அப்படி ஒரு இடத்துல எதையும் தொடக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்."

"இந்தத் துப்பாக்கிதானா, பார்த்துச் சொல்லுங்க."

ஒரு போலீஸ்காரர் பிளாஸ்டிக் உறையிலிருந்து அதை எடுத்து, காலி என்று நீதிபதிக்குக் காட்டி, மூடி, மேகசினைச் சொருகி அவரிடம் கொடுத்தார். அரசு வக்கீல் கேட்டுக்கொண்டே இருந்தார். முதலாளி அன்று காலையில் என்ன சாப்பிட்டார், யாரோடு பேசினார். அவரும் வக்கீல் முகத்தைப் பார்த்தபடி பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். "ஆமா, இது அவனோடதுதான். பிடியில ஒரு கீறல் இருக்கும்." சொல்லிவிட்டுக் கூண்டின் பலகை மேல் வைத்தார்.

எல்லாரும் கீறலைப் பார்த்தார்கள். தம்பி பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தான். திரையில் இன்னும் அந்தப் போட்டோதான் இருந்தது. அவன் திரையைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். உள்ளங்காலில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. என்ன என்று பிடிபடவில்லை. அதற்குள் போலீஸ்காரர் எல்லாவற்றையும் எடுத்து உறைக்குள் போட்டுவிட்டார். இடைவேளை விட்டார்கள்.

வெளியே நடைகூடத்தில் வக்கீலம்மா அவனிடம் கோட்டைக் கொடுத்தார். "கொஞ்சம் பிடி தம்பி, முகம் கழுவிட்டு வந்துடறேன்."

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். அந்த எறும்பு எங்கே என்று யோசித்துக்கொண்டே இருந்தான். வக்கீலம்மா நடைகூடத்தின் மறுகோடியில் யாரோடோ பேசி நின்றது தெரிந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். வந்து நின்று பெஞ்சைப் பார்த்தார்.

"என் கோட்டுப் பையை யாரு காலி பண்ணினது?"

பெஞ்சின் மேல் வரிசையாக ஒரு சாவிக்கொத்து, இரண்டு கைக்குட்டை, இருமல் மாத்திரை அட்டை, பாதி தின்ற பிஸ்கட், ஒரு பேனா. பேனா தனியாக, தள்ளி.

"தெரியலையே மேடம். நான் இங்கயேதான் இருந்தேன். யாரும் வரலை."

"நீ தொடலையா?"

"சத்தியமா தொடலை மேடம். உங்க பையில நான் ஏன் கை விடப்போறேன்?" அவனுக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. இருக்கிற கஷ்டம் போதாதென்று திருட்டுப் பட்டம் வேறா.

வக்கீலம்மா அவனை வினோதமாகப் பார்த்தார். "நான் அங்கிருந்து பார்த்துக்கிட்டேதானே இருந்தேன். நீதான் ஒண்ணொண்ணா எடுத்து அடுக்கினே. ஏதோ யோசனையில இருந்தே."

தம்பி தன் கையைப் பார்த்தான். உள்ளங்கையில் பிஸ்கட் தூள்.

"சலவைக்கூடத்துல," என்று ஆரம்பித்தான். "மெஷினுக்கு முன்னாடி..." அப்படியே நிறுத்தினான். பிறகு மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, "மேடம், அவர் மேகசினை நட்டக்குத்தலா வச்சார்," என்றான்.

"யாரு?"

"ரேஞ்ச் மாஸ்டர். இப்ப, கூண்டுல. துப்பாக்கியைக் கையில வாங்கினதும் கழட்டி, இழுத்து, உள்ள எட்டிப் பார்த்து, வச்சார். வாய் சுவர்ப் பக்கம். மேகசின் கோபுரம் மாதிரி. போட்டோவுல இருக்கிறது அப்படியே."

வக்கீலம்மா பெஞ்சில் உட்கார்ந்தார், பிஸ்கட் மேலேயே. "கழட்டச் சொல்லி யாரும் சொல்லலையே," என்றார்.

"இல்லை மேடம்."

"அப்ப அவருக்கே தெரியாம..." பெஞ்சின் மேல் வரிசையாக இருந்த தன் சாமான்களைப் பார்த்தார். பேனாவை எடுத்து நிறுத்தி வைத்துப் பார்த்தார். அது விழுந்தது. "நீ சத்தியம் பண்ணினே, தம்பி. இப்பதான். என் முகத்தைப் பார்த்து."

"நான் பொய் சொல்லலை மேடம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். எனக்கு அதுதான் வேணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்தத் தோட்டா? அது வெளிய துள்ளியிருக்கணுமே. அது எங்க?"

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. அதற்கு நீதிபதியின் அனுமதி வேண்டும்.

சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு, தோட்டா ஏற்றின துப்பாக்கியை இன்னொரு தடவை அவர் கையில் கொடுத்துப் பார்க்கலாமா என்று வக்கீலம்மா கேட்டார். அரசு வக்கீல் எழுந்து, இது கோர்ட்டா வித்தை காட்டுற கூடாரமா என்றார். நிபுணர் மட்டும் கையைத் தூக்கி, தவறா எதுவும் நினைச்சுக்காதீங்க, ஆனா எனக்கும் பார்க்கணும்னு இருக்கு என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்து, "எனக்கும்தான்," என்றார்.

மருந்து இல்லாத, வெடிக்காத பயிற்சித் தோட்டா ஒன்றை நிபுணரே தன் கையால் துப்பாக்கிக்குள் ஏற்றினார். அரசு வக்கீலும் பார்த்துச் சரி என்றார். ரேஞ்ச் மாஸ்டரை மறுபடி கூப்பிட்டார்கள். அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

மச்சான் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். என்ன நடக்கப்போகிறது என்று அவருக்கும் தெரியாது. தம்பியைத் திரும்பிப் பார்த்தார். தம்பி கண்ணால் ஏதோ சொல்ல முயன்று, தலையை மட்டும் ஆட்டினான். இப்போது அந்தக் கை சும்மா இருந்துவிட்டால்? துப்பாக்கியை வாங்கி அப்படியே வைத்துவிட்டால்? அவ்வளவுதான். அக்காவிடம் போய்ப் பூனை, காந்தம், தவளையோடு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதுதான்.

வக்கீலம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இன்னொரு தடவை அந்தக் கீறலைக் காட்டிடுங்க, ஐயா. பார்த்துக்கிட்டே ஒண்ணு சொல்லுங்க. கதவைத் திறந்ததும் உங்க கண்ணுல முதல்ல பட்டது என்ன?"

போலீஸ்காரர் துப்பாக்கியைக் கொடுத்தார்.

"கண்ணாடி," என்றார் ரேஞ்ச் மாஸ்டர். "அவன் மூக்குக்கண்ணாடி. ஒரு காதுல மட்டும் மாட்டிக்கிட்டு, தாடை வரைக்கும் இறங்கிக் கிடந்தது. சின்ன வயசுல இருந்தே அது அவனுக்கு நிக்காது." மேகசின் அவர் இடது கையில் வந்து விழுந்தது. "சரி பண்ணி விடணும்னு தோணிச்சு." மேகசின் பலகை மேல் நின்றது. "அப்புறம் வேணாம்னு விட்டுட்டேன்." மேல்பகுதி பின்னால் போனது, தோட்டா துள்ளியது, இடது கை அதைப் பறக்கும்போதே பிடித்தது, பார்க்காமலேயே. "எதையும் தொடக்கூடாதே." தோட்டாவோடு அந்தக் கை கீழே இறங்கி இடுப்புப் பக்கம் பாக்கெட்டுக்குள் போனது.

போகவில்லை. தையல் போட்டிருந்தது.

விரல்கள் அந்த மூடின துணியைத் தடவின, குத்தின, மறுபடி தடவின. வாய் இன்னும் கண்ணாடியைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தது. தோட்டா நழுவி மரத்தரையில் விழுந்து உருண்டது. கோர்ட்டில் இருந்த எல்லாரும் அது உருண்டு போகிற சத்தத்தைக் கேட்டார்கள். அது நிபுணரின் ஷூவில் இடித்து நின்றது.

ரேஞ்ச் மாஸ்டர் குனிந்து பார்த்தார். "என்ன அது?" என்றார்.

அவர் தன் இடது கையைப் பார்த்தார். அது இன்னும் பாக்கெட்டின் மேல்தான் இருந்தது. பிறகு திரையைப் பார்த்தார், பலகை மேல் நின்ற மேகசினைப் பார்த்தார்.

"கிளப்புல நீங்க போடுற மேல்கோட்டு எப்படி இருக்கும், ஐயா?" வக்கீலம்மாவின் குரல் மெத்தென்று இருந்தது.

"இங்க பை இருக்கும். பெரிய பை. வெடிக்காத தோட்டா கிடைச்சா அதுல போட்டுக்குவேன்." "சாயங்காலம் பெட்டியில கொட்டிடுவேன். எல்லாத்தோடயும் சேர்த்து."

"அன்னிக்குக் கொட்டினீங்களா?"

"தினமும் கொட்டுவேன்." பிறகு, "துப்பாக்கி அவன் மடியில இருந்தது," என்றார். "இப்ப தெரியுது. மடியில இருந்தது. வாய் கதவுப் பக்கம் இருந்தது. யாராவது உள்ள வந்தா ஆபத்துன்னு நான்தான் எடுத்துக் காலி பண்ணியிருக்கேன்." நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார்.

நடைகூடத்தில் ரேஞ்ச் மாஸ்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் போகலாமா கூடாதா என்று தம்பிக்குத் தெரியவில்லை. தண்ணீர் மெஷினில் ஒரு கப் பிடித்துக்கொண்டு போய் நீட்டினான். அவர் வாங்கிக் குடித்தார்.

"தச்சரோட மச்சினன்தானே நீ?"

"ஆமா சார்."

"உன்னை அப்பப்ப பின்னால பார்ப்பேன். எட்டி எட்டிப் பார்ப்பே."

தம்பியின் கண் அவர் கோட்டுப் பாக்கெட்டுக்குப் போயிற்று. "பாக்கெட் தையலைப் பிரிச்சுக்கலாம் சார்," என்றான். "கடையில போடுறது அது. பிரிக்கிறதுக்குத்தான்."

"அப்படியா? நிஜப் பாக்கெட் இல்லைன்னுல்ல நினைச்சேன்." அவர் சிரிக்கப் பார்த்தார். தம்பி குனிந்து, நகத்தால் நூல் முனையைத் தூக்கி, இழுத்தான். வெள்ளை நூல் முழுசாக வந்தது. ரேஞ்ச் மாஸ்டர் உள்ளே கை விட்டுப் பார்த்தார். காலிதான்.

"இவ்வளவு நாளா நான் யாரோ கொன்னுட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார். "கோபப்பட ஒரு ஆள் இருந்தார். இப்ப அவன் மேலதான் கோபப்படணும். இல்லேன்னா என் மேல. மூடப்போறேன்னு அவன் எங்கிட்டயும் சொன்னான். சரி, விடுடான்னேன். அவ்வளவுதான் சொன்னேன்." கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார். "உன் மச்சான்கிட்ட சொல்லு. இல்லை, வேணாம். நானே சொல்றேன்."

கிளப்பின் தோட்டாப் பெட்டியைப் போலீஸார் சீல் வைத்துத்தான் வைத்திருந்தார்கள். முதலாளி தன் துப்பாக்கிக்கு வாங்குகிற தோட்டா வேறு ரகம், அடிப்பக்கம் வேறு நிறம் என்று நிபுணருக்குத் தெரியும். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி அவரே உட்கார்ந்து பொறுக்கினார். அந்த நிறத்தில் ஒன்று இருந்தது. அதில் ஒரே ஒரு ரேகை, பாதிதான், ஆனால் ரேஞ்ச் மாஸ்டருடையது என்று சொல்லப் போதுமானது. அதைச் சொல்லும்போதுதான் அவர் முதல் தடவையாகச் சிரித்ததைத் தம்பி பார்த்தான்.

தீர்ப்புச் சொன்ன அன்று தம்பியால் உட்காரவே முடியவில்லை. நின்றுகொண்டே கேட்டான். கேட்டது சரிதானா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டான். அவர் ஆமாம் என்றதும், இன்னொருவரையும் கேட்டான். மச்சான் வந்து அவன் தோளைப் பிடித்தார். மெலிந்திருந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது.

"ஏன்டா, விடுதலை ஆகி ஒரு நிமிஷம் ஆகலை," என்றார் மச்சான். "என் பாக்கெட்ல கை விட்டுப் பார்க்கிறியே."

தம்பி கையை இழுத்துக்கொண்டான். "நான் எங்க விட்டேன்?" என்றான்.

பிறகு தண்ணீர் மெஷின் பக்கத்தில் போய் நின்று போனை எடுத்தான். அக்காவைக் கூப்பிட்டால் பேச்சு வராது, இரண்டு பேரும் அழுவார்கள் என்று தெரியும். அதனால் வழக்கம் போலவே வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டான்.

"நான்தான், தம்பி. வயசு இருபத்து நாலு. கோர்ட்டு ரெண்டாவது மாடியில நிக்கிறேன். மச்சான் என் பக்கத்துல நிக்கிறார். விட்டுட்டாங்க. நிஜமாத்தான், ரெண்டு பேர்கிட்ட கேட்டுட்டேன். நாங்க பஸ் பிடிச்சு வந்துடறோம். அம்மா, நீ சாப்பிடு. அக்கா, கட்டிலுக்கு அடியில மச்சான் செருப்பு இருக்குல்ல. அதை எடுத்துக் குழந்தை கையில குடு."